ஏன் என்று கேட்ட காலை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் கண்ணயரும்போது, இப்போதும் நான் அண்ணாந்தேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கனவு என்று அதைச் சொல்ல முடியாது. கண்ணை மூடியதும் இமைக்குள் ஒரு பச்சை வெளிச்சம் வருகிறது. அதற்குள் கிளைகள் பிரிகின்றன, பிரிந்த கிளைகள் இன்னும் பிரிகின்றன. மரத்தூள் மெதுவாக, விழ மனமில்லாததுபோல இறங்குகிறது. எங்கோ உயரத்தில் ஒரு மனிதரின் சப்பாத்து அடி மட்டும் தெரிகிறது. பதினொரு வருடம் அப்படி அண்ணாந்து பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. கழுத்து அதை மறக்கவில்லை.

அதற்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் தாவரவியல் படிப்பித்தேன். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஒரு பழைய லொறி, மரத்தில் ஏறுகிற இருவர், கீழே நின்று கயிறு பிடிக்கிற ஒருவர் என்று ஒரு சிறு கோஷ்டியைச் சேர்த்து, கொழும்பு வீடுகளின் மரங்களைப் பராமரிக்கும் வேலையைத் தொடங்கினேன். மாஸ்டர் மரம் வெட்ட வெளிக்கிட்டிட்டார் என்று வெள்ளவத்தையில் சிரித்தார்கள். வெட்டுவதில்லை, வைத்தியம் பார்க்கிறோம் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று விளக்கினேன். பட்ட கொப்பை எடுப்போம், வெடித்த கிளையின் பாரத்தைக் குறைப்போம், காற்று புகுந்து போக வழி விடுவோம் என்பேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாஸ்டர், எப்ப வெட்டுறியள்?" என்பார்கள்.

இந்த நகரத்தில் மரம் தனியாக நிற்பதில்லை. ஒரு பக்கம் மதில், மறு பக்கம் தண்ணீர்த் தாங்கி, கீழே யாரோ நிறுத்திவிட்டுப் போன கார், நடுவே மின்கம்பி. ஒரு கிளையை அறுத்து விழவிட இடமே இருக்காது. கயிற்றில் கட்டி, துண்டு துண்டாக, தொட்டிலில் பிள்ளையை இறக்குவதுபோல இறக்க வேண்டும். ஏறுகிறவருக்கு முசுறு எறும்பும் குளவியும் ஒரு கவலை, மழையில் ஊறிய பட்டை இன்னொரு கவலை. வாள் ஓடும்போது தன்னைக் கட்டியிருக்கும் கயிற்றையே அறுத்துவிடாமல் இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. அதனால் அறுக்கும் நேரத்தில் இரண்டு கட்டு இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இடுப்புப் பட்டி, தலைக்கவசம் எல்லாம் வாங்கினேன். மற்றக் கோஷ்டிகள் எங்களைப் பார்த்து, விண்வெளிக்குப் போகிறார்கள் என்று கேலி செய்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரமேறுகிறவன் குடிப்பான் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் முடிந்த முடிபு. துணிவு வேண்டித்தான் போட்டுவிட்டு ஏறுகிறார்கள் என்பார்கள். சிலர் அப்படி ஏறியதும் உண்மைதான். எங்கள் கோஷ்டியில் யாரும் குடிப்பதில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்களுக்கு வீடுகள் கிடைத்தன.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. அதை உண்டாக்கியவன் நான். தொடங்கிய வருடத்தில், கொட்டாஞ்சேனையில் வேறொரு கோஷ்டிக்காரர் பலாமரத்திலிருந்து விழுந்ததைப் பார்த்தேன். காய்ச்சல் என்று காலையில் அவர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு காய்ச்சல் என்று முதலாளி கேட்டிருக்கிறார். காரணத்தைக் கேட்டால் அதை எடைபோடத் தோன்றும், எடைபோடுகிறவன் அவசரத்தில் இருக்கிறவன் என்று அன்று எனக்குப் பட்டது. ஆகவே எங்கள் கோஷ்டியில் காரணமே கேட்பதில்லை என்று வைத்தேன். ஏற மனமில்லாதவர் தன் இடுப்புப் பட்டியை லொறிக் கதவில் தொங்கவிட்டு, "இன்னைக்கு நான் கீழ" என்று சொன்னால் போதும். சம்பளம் குறையாது. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

ஒருமுறை கிரிக்கெட் ஆட்டம் நடந்த நாளில் இரண்டு ஏறுகிறவர்களுமே பட்டியைத் தொங்கவிட்டார்கள். கயிறு பிடிக்கிறவர் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். நானும் கேட்கவில்லை. நாலு பேரும் ஒரு நாவல் மரத்தின் கீழே இருந்து லொறி ரேடியோவில் வர்ணனை கேட்டோம். நாவல் இலை நிழல் எங்கள் முழங்கால்களில் அசைந்துகொண்டிருந்தது. அன்று நான் என்னை ஒரு நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறுகிறவர்களில் மூத்தவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் ஏறுவது முயற்சி மாதிரித் தெரியாது. மரம் அவரை ஒவ்வொரு கிளைக் கவராகக் கைமாற்றி மேலே கொடுப்பதுபோல இருக்கும். ஆனால் அந்தத் தொழிலில் நாற்பத்தைந்து என்பது முதுமை. தோள்மூட்டு தேய்ந்துவிடும். முழங்கால் காலையில் மடங்க மறுக்கும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு இங்கே ஒரு ஏற்பாடும் இல்லை.

அவருக்கு ஒரு வழி திறந்திருந்தது. அடுக்குமாடிகளின் தோட்டங்களைப் பராமரிக்கும் ஒரு கொம்பனி, மரவேலைகளைக் கீழே நின்று மேற்பார்வை செய்ய ஆள் தேடியது. எந்தக் கிளை ஆபத்து, எதை எப்படி இறக்குவது என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஏற வேண்டியதில்லை. அவர் விண்ணப்பித்திருந்தார். தன்னைப் பற்றி என்னிடம்தான் விசாரிப்பார்கள் என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது. நல்லதாகவே சொல்வேன் என்றேன். போனால் அவருக்குப் பதில் யார் என்ற யோசனையும் உள்ளே ஓடியது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த நாள் வந்தது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கை. அங்கே ஒரு வீட்டு மதிலோரம் பெரிய மாரா மரம் நின்றது. மாலையானால் இலைகளை மடித்துக்கொண்டு தூங்கிவிடுகிற மரம். அதன் ஒரு பெருங்கிளை அடியில் வெடித்து, மின்கம்பிகளுக்கு மேலே சாய்ந்திருந்தது. அதற்காக அந்த ஒழுங்கையின் மின்சாரத்தை, காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை நிறுத்தித் தர அனுமதி எடுத்திருந்தோம். நாலு மணித்தியாலத்துக்காக நான் வாரக்கணக்கில் அலைந்திருந்தேன். விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. மற்ற ஏறுகிறவர் ஒரு கலியாணத்துக்காக வத்தளைக்குப் போயிருந்தார்.

மூத்தவர் வந்தார். மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பட்டியை லொறிக் கதவில் தொங்கவிட்டு, இன்னைக்கு நான் கீழ, சேர், என்றார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதாக ஐந்து நிமிடம்.

"ஏன்?" என்று கேட்டேன்.

கயிறு பிடிக்கிறவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொது இடத்தில் ஒருவருடைய சட்டையை யாரோ கழற்றிவிட்டதைப் போல அந்தக் கணம் இருந்தது. மூத்தவர் மெல்லிய குரலில் சொன்னார். பிரஷருக்குக் கிளினிக்கில் புதுக் குளிசை கொடுத்திருக்கிறார்களாம். இரண்டு நாளாக மேலே பார்த்தால் தரை சரிகிறதாம். ஒரு கிழமையில் பழகிவிடும் என்று டொக்டர் சொன்னாராம்.

நான் எடைபோட்டேன். பிறகு சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"மேல பாக்கத் தேவையில்லை. கையைப் பாத்துக்கொண்டு ஏறும். நாளைக்குக் கொம்பனிக்காரர் என்னட்டைக் கேட்டால், கரண்ட் நிப்பாட்டித் தந்த நாளிலை கீழ நிண்டவர் எண்டோ நான் சொல்லுறது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

கரண்ட் நின்றது. அந்த ஒழுங்கையை அப்படி ஒருநாளும் நான் கேட்டதில்லை. மின்விசிறிகள் நின்றன. அம்மிக்குப் பதிலாக வந்த மிக்சிகள் நின்றன. எந்த வீட்டிலும் தொலைக்காட்சி இல்லை. எல்லாச் சத்தமும் வடிந்த பிறகு கடல் மட்டும் மிஞ்சியது. அது ஒழுங்கையின் முடிவில் இல்லாமல் நம் காலடியில் இருப்பதுபோலக் கேட்டது. அவர் ஏறினார். இலைகளுக்கிடையே வெயில் காசு காசாக அவர் முதுகில் விழுந்து நழுவியது. இரண்டாம் கவர், மூன்றாம் கவர். நாற்பது அடிக்கு மேலே, தண்டு இரண்டாகப் பிரிகிற இடத்தில், அவர் நின்றார்.

இளைப்பாறுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் இரண்டு கைகளாலும் தண்டைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைப் பட்டையில் வைத்தார். கண்கள் மூடியிருந்தன. கூப்பிட்டேன். மீண்டும் கூப்பிட்டேன்.

"வாறேன் சேர்," என்றார். அசையவில்லை.

கயிறு பிடிக்கிறவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாங்க இருக்கோம், அவசரமில்ல, என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏறி அவரை இறக்க எங்களிடம் வேறு ஆள் இல்லை. பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. பல்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். மரம் மெதுவாக ஆடியது, அவரும் அதோடு ஆடினார். வெளிச்சம் ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு நகர்ந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நாலு மணித்தியாலமும் என் நினைவில் அழகாகவே இருக்கின்றன. ஒரு மனிதர் மேலே பயத்தில் உறைந்து நின்ற நேரம் எனக்குள் ஒரு பச்சைக் கனவாகத் தங்கிவிட்டது. என் மனம் செய்த களவுகளில் அதுவும் ஒன்று.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்டைத் திரும்பக் கொடுக்க மின்சாரத் தொழிலாளர்கள் வந்தார்கள். மரத்தைப் பார்த்துவிட்டு, ஆளைத் தூக்கும் வாளி பொருத்திய லொறியைக் கொண்டுவந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து இறக்கினார்கள். மிகவும் பண்பாகச் செய்தார்கள். எல்லாம் முடிய இரண்டு மணிக்கு மேலாகிவிட்டது. கிளை அப்படியே இருந்தது.

அந்த வீட்டு அம்மா வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கைக் குடியிருப்பாளர் குழுவின் தலைவி. குளிர்ப்பெட்டியில் எல்லாம் இளகிவிட்டது என்று அயலவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் வந்தார். மூத்தவர் நாலடி தள்ளி, லொறியின் மிதிபலகையில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"மாஸ்டர், ஆள் குடிச்சிட்டோ ஏறினவர்?"

இல்லை என்ற சொல் நாக்கில் இருந்தது. இல்லை என்றால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் என்பதாக இருக்கும். அதற்கு என்னிடம் இருந்த பதில் நானேதான்.

"ஓம், கொஞ்சம் எடுத்திருக்கிறார் போல. நான் கவனிக்கேல்லை," என்றேன்.

மூத்தவருக்கும் அது கேட்டது. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினார். பட்டியைக் கழற்றினார். கயிற்றை முறையாகச் சுருட்டி லொறிக்குள் வைத்தார். பிறகு காலி வீதிப் பக்கம் நடந்து பஸ் ஏறிவிட்டார். மறுநாள் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கொம்பனியிலிருந்து ஒரு அதிகாரி தொலைபேசியில் கதைத்தார். பக்கத்து ஒழுங்கையில் அவர்கள் பராமரிக்கும் அடுக்குமாடி ஒன்று இருந்தது. கதை அந்த வழியாகப் போயிருக்கிறது. குடி விஷயம் உண்மையா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாசல் அது. வேலையில் கெட்டிக்காரர், மற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை என்று சொன்னேன். பெருந்தன்மையாகப் பேசுகிறவன் மாதிரி என் குரல் இருந்தது. மரமேறுகிறவர் குடிப்பார் என்பதை நம்ப யாருக்கும் அதிகம் சாட்சி தேவையில்லை.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் கோஷ்டியில் ஒருவரும் பட்டியைத் தொங்கவிடவில்லை. சில மாதம் கழித்து, மற்ற ஏறுகிறவர் காய்ச்சலோடு ஒரு தென்னையில் ஏறி இறங்கினார் என்று தற்செயலாக அறிந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கயிறு பிடிக்கிறவர்தான் சொன்னார், இனி யாரும் சொல்ல மாட்டாங்க சேர், என்று. அந்த வருடம் முடிவதற்குள் லொறியை விற்று வேலையை நிறுத்தினேன். வயதாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஆறு வருடம் போனது. மாரா மரத்தை வேறு யாரோ அடியோடு எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய வெளிச்சம் நிற்கிறது. மாலை நடைக்குக் கடற்கரைப் பக்கம் போகும்போது அந்த ஒழுங்கையைத் தவிர்த்து அடுத்ததில் இறங்குவேன். ஒருநாள் கால் பழைய வழியில் போய்விட்டது. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம். நாற்பது அடி உயரத்தில் அவர் இன்னும் எதையும் பிடிக்காமல் நிற்பதுபோல இருந்தது. அடுத்த காலை கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் இல்லை, கொச்சிக்கடையில் ஒரு பண்டகசாலையில் வேலை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். துறைமுகப் பக்கத் தெருவில் லொறியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தேய்ந்த தோளில் சாக்கு மடித்துப் போட்டிருந்தார். பாரம் தூக்காத ஒரு வேலைக்குப் போக இருந்தவர். என்னைக் கண்டதும், வாங்க சேர், என்றார். பழைய பழக்கத்தில் அது வந்துவிட்டது போலும். பக்கத்துக் கடையில் இரண்டு பிளேன்டீ சொன்னார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் என்று கேட்டது பிழை, பயமுறுத்தி ஏற்றியது பிழை, பொய் சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"கதை கொட்டாஞ்சேனைக்கும் வந்துச்சு சேர். அந்த ஒழுங்கையில வேலைக்குப் போற பொம்பள ஒருத்தி எங்க வீட்டுப் பக்கம்தான். ஒருநாள் நான் வீட்டுக்குப் போனதும் எம் பொண்டாட்டி கிட்ட வந்து வாயை மோந்து பாத்தா. இருவது வருசம் கூட இருந்தவ."

வீட்டுக்கு வந்து உங்கள் மனைவிக்கும் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவளுக்கு இப்போது தெரியும் என்றார்.

"என்கிட்ட சொல்லி என்ன சேர்? நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும்தானே. நீங்க எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தேநீருக்குக் காசு கொடுக்க என்னை விடவும் இல்லை.

அந்த வாரமே ஒழுங்கைக்குப் போனேன். வீட்டு அம்மா விறாந்தையில் இருத்தி, என்ன மாஸ்டர் இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று விசாரித்தார். சொன்னேன். முதலில் அவருக்கு நினைவு வரவில்லை. பிறகு, குடிவெறியில மரத்தைக் கட்டிப்பிடிச்சவர்தானே, என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார். இரண்டாம் தடவை சொன்னபோது முகம் மாறிவிட்டது.

"நான் இதை எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரிச்சிருப்பன், மாஸ்டர். கலியாண வீடுகளிலை எல்லாம் சொன்னனான்."

நல்ல மனுஷி. நினைவு வந்தவர்களை யோசித்து யோசித்துச் சொன்னார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு டொக்டர், மேல்மாடியில் இருந்த குடும்பம், கனடாவுக்குப் போய்விட்ட ஒரு சிநேகிதி, போன வருடம் இறந்துபோன ஒரு அயலவர். வீட்டுவேலைக்கு வருகிற பெண்ணுக்குத் தானே சொல்வதாகச் சொன்னார். நான் டொக்டரிடமும் மேல்மாடிக் குடும்பத்திடமும் போனேன். இருவருக்கும் கதை நினைவிருந்தது, மரம் நினைவில்லை. கொம்பனி அதிகாரியையும் தேடிப் பிடித்தேன். அவர் ஓய்வு பெற்று வத்தளையில் இருக்கிறார். அப்படியா, நாங்கள் அந்த நேரம் வேறு ஒருவரை எடுத்துவிட்டோமே, என்று மட்டும் சொன்னார். ஒரு மனிதரின் பிற்காலம் அவர் வாயிலிருந்து அவ்வளவு சிறிய வசனமாக வந்தது.

மறுபடி கொச்சிக்கடைக்குப் போய், யார் யாரிடம் சொன்னேன் என்று மூத்தவரிடம் ஒப்பித்தேன். அவர் விரல் மடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிச்சம் யாரு?"

கனடாவில் ஒருவர், அவருக்கு எழுதிவிட்டேன், பதில் இல்லை என்றேன். இறந்த ஒருவர். பிறகு எனக்கும் அந்த அம்மாவுக்கும் தெரியாத எத்தனையோ பேர்.

"தெரியாதவங்களுக்கு என்ன செய்வீங்க?"

எல்லோரும் வாசிக்க எழுதிப் போடுவேன் என்றேன். எழுதினால் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். பெயரில்லாமல் எழுதினால் யாரென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தக் கதையைக் கேட்டவங்களுக்குத் தெரியும் சேர்," என்றார். லொறி ஒன்று பின்னோக்கி வந்தது. சாக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.

அதனால் இங்கே ஒரு பெயரும் இல்லை. கரண்ட் நிறுத்திய ஒரு நாளில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒருவர் குடிவெறியில் மாரா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் என்ற கதையை நீங்கள் எங்காவது கேட்டிருந்தால், யாருக்காவது சொல்லியும் இருந்தால், இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவர் அன்று குடித்திருக்கவில்லை. தலை சுற்றுகிறது என்று காலையிலேயே சொன்னார். அவரை ஏற்றியவன் நான்.